தோல் வாஷர்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் நகராட்சி ஆட்கள் வந்து பொருத்திவிட்டுப் போனது. காலையிலும் மாலையிலும் தண்ணீர் வரும். அதில் பாத்திரம் தேய்ப்போம், துணி துவைப்போம், வாழைக்கு விடுவோம். குடித்ததில்லை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் காவேரி. அதை அப்பாதான் கொண்டுவருவார். விடிவதற்கு முன் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்க் குளித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு, தோளில் பித்தளைக் குடத்தைச் சுமந்து திரும்புவார். பிறகு காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்புவார்.

குழாய்த் தண்ணீர் ஏன் ஆகாது என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "உள்ள தோல் வாஷர் இருக்கு." குழாயைத் திருகி மூடினால் தண்ணீர் சொட்டாமல் நிற்பதற்காக உள்ளே ஒரு வட்டத் துண்டு வைத்திருப்பார்கள். அது மாட்டுத் தோல். தோலில் பட்டு வரும் தண்ணீர் ஆசாரத்துக்கு ஆகாது. எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே பதிலைச் சொன்னார்கள். ஆனால் மற்றவர்கள் கேள்விப்பட்டுச் சொன்னார்கள். அப்பாவுக்குக் குழாயும் வால்வும் பாய்லரும்தான் தொழில். ஆகவே அவர் சொன்னபோது அது சாஸ்திரமாகவும் இருந்தது, இன்ஜினியரிங்காகவும் இருந்தது.

எஞ்சின் பாய்லரில் உப்புப் படியாமல் இருப்பதற்காக ஒர்க்‌ஷாப்பில் தண்ணீரில் மருந்து கலப்பார்கள். கலவை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அப்பாவின் பொறுப்புகளில் ஒன்று. பகலெல்லாம் தண்ணீரில் மருந்து கலக்கும் மனிதர் வீட்டுக்கு வந்ததும் மருந்து கலக்காத தண்ணீர்தான் குடிப்பார். இதைப் பற்றி நான் ஒருமுறை கேட்டபோது, "அது எஞ்சினுக்குடா. இது மனுஷாளுக்கு" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

நான் அப்போது திருச்சியில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தேன். அம்மா காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அப்பா, நான், என் மனைவி, மூன்று பேர்தான். நான் சொல்வது அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி, ஆவணி. மனைவிக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்குப் போவது வழக்கம். ஆனால் அவளுக்குத் தாயார் இல்லை. தகப்பனார் மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார், தனி ஆள். அதனால் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அந்த ஆடியில் ஆற்றில் புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று வந்தது. அதைத் தெளிய வைக்க அப்பா தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் வட்டமாக உரசுவார். சிறிது நேரத்தில் மண் அடியில் தங்கிவிடும். மேலே கண்ணாடி மாதிரி நிற்கும் தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். தெளிந்த தண்ணீர் என்பது வேறு, சுத்தமான தண்ணீர் என்பது வேறு என்று எனக்கு அப்போதுதான் தோன்ற ஆரம்பித்தது. அதற்குக் காரணம் முசிறியிலிருந்து வந்த செய்தி.

முசிறியிலிருந்து எங்கள் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர் தன் கவரைத் திருச்சி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். வாழைக்காய் விலை, சந்தைத் தகராறு, கோயில் உற்சவம் என்று அதில் ஏதாவது இருக்கும். அந்த வாரம் காலரா என்று எழுதியிருந்தார். செய்தி ஆசிரியர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'வாந்திபேதி' என்று மேலே எழுதினார். அரசாங்கம் அறிவிக்கும்வரை எங்கள் ஆபீசில் காலரா என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை. அவர் அடித்த சொல்லையும் மேலே எழுதிய சொல்லையும் நான் மாறிமாறிப் பார்த்தேன். முசிறி எங்களுக்கு மேற்கே, ஆற்றின் போக்கில் எங்களுக்கு முன்னால் இருக்கிறது. அங்கே கரையில் துணி அலசினால் அந்தத் தண்ணீர் எங்கள் படித்துறையைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அன்று பஸ்ஸில் காவேரிப் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கொஞ்ச நாளைக்குக் குழாய்த் தண்ணி குடிக்கலாம். அதுல குளோரின் போடறா. கிருமி செத்துடும்."

"காவேரியையே கிருமிங்கறயா?"

"காவேரியச் சொல்லலை. காவேரியில வர்றதச் சொல்றேன்."

"ஆத்துத் தண்ணி ஓடற தண்ணிடா. ஓடஓடச் சுத்தம் பண்ணிண்டுடும். தேங்கின தண்ணிக்குத்தான் பயப்படணும். உன் குழாய்த் தண்ணி தொட்டியில தேங்கித்தானே வரது?"

"அதான் மருந்து போடறாளே."

"பாரு, நீயே சொல்லிட்ட. மருந்து போட்டாத்தான் அது தண்ணி. நம்மாத்துத் தீர்த்தத்துக்கு அந்த அவஸ்தை இல்லை."

"தேத்தாங்கொட்டை போடறேளே, அது மட்டும் என்ன?"

"அது மரத்துல காய்க்கறதுடா. டின்ல வரலை."

மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள்.

அப்பா பிடிவாதக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் காலரா ஊசி போட்டபோது வரிசையில் முதலில் நின்று போட்டுக்கொண்டு வந்தவர் அவர். காய்ச்சல் வந்தால் மாத்திரை சாப்பிடுவார். தண்ணீர் விஷயத்தில் மட்டும்தான் இப்படி. அதற்குத் தோல் வாஷர் காரணம். அப்படியானால் அந்தக் காரணத்தை எடுத்துவிட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் ஆபீசிலிருந்து பெரிய கடைவீதிக்குப் போனேன். இரும்புச் சாமான் கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "என்ன தம்பி வேணும்?" என்றார்.

"குழாய் வாஷர். தோல் இல்லாம."

"அப்ப சீரங்கம்." அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. டப்பாவைத் திறந்து கறுப்பு வட்டங்களைக் கலைத்தார். "இது ரப்பரு. உங்க ஆளுங்க வந்து மாட்டுத் தோலான்னு கேப்பாங்க. எங்க ஜமாத்தாளுங்க வந்து பன்னித் தோலான்னு கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் இதத்தான் குடுக்குறேன். இப்பல்லாம் தோலு யாரு தம்பி போடுறா?"

கடைசியாகச் சொன்னதை நான் அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

ரப்பர் வாஷரை அப்பாவின் முன்னால் வைத்தேன். அவர் அதை எடுத்து வளைத்துப் பார்த்தார். "ரப்பர்னா மரத்துப் பால்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "சரி. இத ஒத்துக்கலாம்." ஆள் கூப்பிட வேண்டாம், நானே மாற்றுகிறேன் என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். நான் பின்னால் போனேன். எதிர்வீட்டுக்காரரும் வந்து நின்றார். அவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் அப்பாவோடு ஆற்றுக்குப் போய்வருகிறவர்.

"குழாயைத் திறந்தா காவேரி வரப்போறதில்லை ஓய், முனிசிபல் கமிஷனர்தான் வரப்போறார்" என்றார்.

அப்பா குழாயின் தலையைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுப் பழைய வாஷரை எடுத்தார். கழுவி உள்ளங்கையில் வைத்து நகத்தால் கீறிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"என்ன ஓய்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "மாடா, மரமா?"

அது ரப்பர். பொருத்திய நாளிலிருந்து ரப்பராகத்தான் இருந்திருக்கிறது. குழாய்களையே பிரித்துப் போட்டு வாழ்ந்த ஒருவர், தன் வீட்டுக் கொல்லையில் இருந்த குழாயை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா பழைய வாஷரையே திரும்ப உள்ளே வைத்தார். முடுக்கினார். குழாயைத் திறந்து, தண்ணீர் கலங்கல் போகும்வரை காத்திருந்து, கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார். உடனே துப்பினார்.

"மருந்து வாசனை."

"அப்பா..."

"வாஷர் மட்டும் காரணம் இல்லடா" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஸ்பானரைத் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

பத்திரிகை வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. ஒருவர் முதலில் சொல்லும் காரணத்தை எழுதிக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை. அன்று கொல்லையில் அதை வீட்டிலும் பார்த்தேன். முடிவு முன்பே இருக்கிறது. காரணங்கள் பின்னால் வந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று விழுந்தால் இன்னொன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வாஷர் போய் வாசனை வந்தது. வாசனைக்கும் பின்னால் ஒன்று இருந்தது. அதை அவரே அன்று மாலை சொன்னார்.

"நான் மருந்து கலக்கற எடத்துல வேலை பார்க்கறவன். ஒரு நாள் ஒருத்தன் தூங்கிப் போவான். ஒரு நாள் ஒருத்தன் ரெண்டு கரண்டி போடறதுக்கு நாலு போடுவான். எஞ்சின் நுரை தள்ளும், கழுவி விட்டுடலாம். இந்தக் குழாய்க்குப் பின்னால ஒரு ஆள் இருக்கான். அவன் யாருன்னு நேக்குத் தெரியாது. காவேரிக்குப் பின்னால ஆள் கிடையாது."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆறு கொன்றால் விதி என்போம், குழாய் கொன்றால் குற்றம் என்போம். விதியோடு சமாதானம் செய்துகொண்டு வாழ்வதற்கு நாம் பழகியிருக்கிறோம்.

அன்று இரவுச் சாப்பாடு ஆன பிறகு மனைவியிடம் ரகசியமாக ஒரு யோசனை சொன்னேன். குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஆற வைத்தால் வாசனை குறைந்துவிடும். அதைக் குடத்தில் ஊற்றிவிட்டு ஆற்றுத் தண்ணீரைச் செடிக்கு விட்டுவிடலாம். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

"ஏன்னா, வேண்டாம்" என்றாள். "தெரிஞ்சா அப்புறம் இந்தாத்துல நான் குடுக்கற எதையும் அவர் வாயில வெக்க மாட்டார். மருந்தக்கூட."

"அப்ப நீ என்ன பண்ணப்போற? அதே குடத்துலேந்துதான் நீயும் குடிக்கற."

"நேக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டொரு நாளில் எதிர்வீட்டுக்காரர் காலையில் ஆற்றுக்கு வரவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவர் வீட்டு வாசலில் ஜட்கா நின்றது. இரண்டு பேர் அவரைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். முகம் உள்வாங்கி, கண்கள் குழியில் கிடந்தன. முந்தின நாள் பார்த்த ஆளாக இல்லை. அப்பா ஜட்காவின் பக்கத்தில் போய் நின்றார். "சீக்கிரம் வந்துடுங்கோ ஓய்" என்றார். எதிர்வீட்டுக்காரரால் பேச முடியவில்லை. விரல்களை மட்டும் அசைத்தார். விரல்களின் தோல் அதிக நேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தது.

மாலைக்குள் நகராட்சி ஆட்கள் வந்து தெருச் சாக்கடையில் வெள்ளைப் பொடி தூவினார்கள். தெரு முழுக்கக் குழாய்த் தண்ணீரின் வாசனை.

அப்பாவும் அவரும் ஒரே படியில் குளித்து, ஒரே இடத்தில் மொண்டவர்கள். அந்தத் தண்ணீர் எங்கள் அடுக்களையில் குடத்தில் இருந்தது. தேத்தாங்கொட்டையால் தெளிந்து, ஒரு தூசு இல்லாமல் இருந்தது. நான் அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்த்தேன். அப்பாவின் முகத்தையும் பார்த்தேன். அவர் ஒருமுறை கொல்லைக்கு எழுந்து போனால் அவர் திரும்பி வரும்வரை நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "என்னை ஏண்டா எண்ணிண்டிருக்கே?" என்றார்.

அன்று அப்பா சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மனைவி அதைச் செய்தாள். அவருக்கு இலையில் பரிமாறினாள். குடத்திலிருந்து அவருடைய டம்ளரை நிரப்பி வைத்தாள். பிறகு தன் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நிரப்பிய டம்ளரோடு திரும்பி வந்து, அவர் பார்க்கும்படி நின்று, முழுவதையும் குடித்தாள்.

அப்பாவின் கை இலையில் நின்றுவிட்டது.

"யாரைக் கேட்டுண்டு குடிச்சே?"

"யாரையும் கேக்கலப்பா."

"அதுல என்ன கலந்திருக்குன்னு நோக்குத் தெரியுமா?"

"தெரியாது. கலக்கறதுக்கு ஒருத்தர் இருக்கார்னு தெரியும்." டம்ளரைக் கையில் பிடித்தபடியே தொடர்ந்தாள். "எங்க ஊர்ல குளத்துத் தண்ணிதான். மாடு எறங்கும், மனுஷா எறங்குவா. மழை வந்தா எல்லாம் அதுலதான் வந்து சேரும். அத யாரும் பாத்துண்டதில்லை. எங்கம்மா வாந்திபேதியிலதான் போனா. யாரைப் போய்க் கேக்கறது? குளத்தையா கேக்கறது? இந்தத் தண்ணிக்கு ஒரு ஆள் இருக்கானே, அதுதான் நேக்கு தைரியம்."

அவளுடைய தாயார் எப்படி இறந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஊரிலும் சொல்லை அடித்து வேறு சொல் எழுதியிருக்கிறார்கள்.

அப்பா சாப்பிட்டு எழுந்தார். அவளிடம் பேசுவதை நிறுத்தினார். எது வேண்டுமென்றாலும் என்னிடம் சொல்வார், அவள் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான். அவள் தன் டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டாள். ஒரே அடுக்களையில் இரண்டு தண்ணீர். எனக்குத் தாகம் எடுத்தால் நான் கொல்லைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார். வீட்டில் டம்ளர் வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனார். ஆற்றுத் தண்ணீரால் போனாரா, அந்த வாரம் அவர் போய்வந்த கல்யாண வீட்டுச் சாப்பாட்டால் போனாரா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. செய்தியாக எழுதியிருந்தால் 'கூறப்படுகிறது' என்று முடித்திருப்பேன். உடலைத் தெருவுக்குக் கொண்டுவர விடவில்லை. நேராகக் கொள்ளிடக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அப்பா போய்விட்டு, அங்கேயே தலை முழுகிவிட்டு வந்தார். வந்தவர் கூடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி அவர் பக்கத்தில் காப்பியை வைத்துவிட்டுப் போனாள். அது எந்தத் தண்ணீரில் போட்டது என்று அவர் கேட்கவில்லை. குடிக்கவும் இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன் வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் விழித்துத்தான் இருந்தேன். தடுக்க வேண்டும் என்று தோன்றியது. எப்படி என்று தெரியவில்லை. வெளிச்சம் வரும்போது திரும்பினார். வேஷ்டி ஈரமாக இருந்தது. குடத்தைத் தோளில் வைத்திருக்கவில்லை, கழுத்தைப் பிடித்துக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அது காலி.

நேராகக் கொல்லைக்குப் போனார். குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டார். குடம் நிரம்பும்வரை இடுப்பில் கை வைத்து, ஒர்க்‌ஷாப்பில் ஒரு எந்திரத்தின் முன் நிற்பதுபோல நின்றார். அதைத் தூக்கிவந்து அடுக்களையில் வழக்கமான இடத்தில் வைத்தார். மூடவில்லை. மனைவி அடுப்படியில் நின்றாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசினார்.

"கொஞ்ச நேரம் தெறந்தே இருக்கட்டும்மா. வாசனை போகட்டும்."

"சரிப்பா."

"தேத்தாங்கொட்டை வேண்டாம். ஏற்கெனவே தெளிவாத்தான் இருக்கு" என்றார். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

புரட்டாசி முடிவதற்குள் தெருவில் வெள்ளைப் பொடி தூவுவது நின்றது. ஐப்பசியில் எங்களுக்குப் பெண் பிறந்தது. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தார்கள். தை மாதம் ஆறு தெளிந்ததும் அப்பா மறுபடி குடத்தோடு படித்துறைக்குப் போக ஆரம்பித்தார். ஆனால் அந்தக் குடம் தனியாக, பூஜை நடக்கும் பெருமாள் உள்ளுக்குப் பக்கத்தில் இருந்தது. அதிலிருந்து அவர் மட்டும் குடித்தார். ஆடியில் நிறுத்திக்கொள்வார். யாரும் யாரையும் கேட்பதில்லை. குழந்தைக்கு எது கொடுப்பது என்பதில் பேச்சே எழவில்லை. அவள் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தாள்.

அவளுக்கு விவரம் தெரிந்த பிறகு ஒரு தை மாதக் காலையில் அப்பா அவளை அம்மா மண்டபத்துக்கு அழைத்துப்போனார். நாங்களும் கூடப் போயிருந்தோம். ஆறு ஒடுங்கி, மணல் தெரிந்து, தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது. அப்பா கையில் ஏந்தி அவளுக்குக் கொடுத்தார். மனைவி என்னைப் பார்த்தாள். குழந்தை ஒரு வாய் உறிஞ்சினாள். முகத்தைச் சுளித்து அப்படியே துப்பினாள். கொல்லையில் அப்பா துப்பியது போலவே இருந்தது.

"தாத்தா, இதுல வாசனையே இல்லையே" என்றாள். "மருந்து போட மறந்துட்டாளா?"

அப்பா கையில் மிச்சமிருந்த தண்ணீரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு விரல்களைப் பிரித்து அதை ஆற்றிலேயே விட்டார்.

"யாரும் மறக்கலைடி" என்றார். "இதுக்கு ஆள் கிடையாது."